இல்லாத பிரேக்

செண்பகவல்லிக்கு வலது கால்தான் பகை. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கும். கைகள் இரண்டும் தங்கம். கண்ணில் குறையில்லை, காதில் குறையில்லை என்று டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். இந்த வலது கால் மட்டும் கோவில்பட்டியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இரண்டாயிரம் அடிக்குக் கீழே மாலத்தீவின் கடல் கிடந்தது. காலை ஒன்பது மணி வெயில் கண்ணாடி வழியாக முழங்காலில் விழுந்தது. துணை விமானியின் இருக்கையில், வலது பக்கம், வெறுங்காலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். இங்கே எல்லோரும் வெறுங்கால்தான். தண்ணீரில் இறங்கித் தண்ணீரில் ஏறுகிற விமானத்தில் ஷூவை நனைத்துக்கொண்டு யார் அலைவது. முதல் நாள் முகம் தெரியுமளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு அவள் வந்து நின்றபோது, விமானத்தைக் கட்டக் கயிறு போடும் ஆதம் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே அவளைப் போலவே பளபளப்பாக வந்து சேர்ந்தவர்களின் ஷூக்கள் பூசணம் பூத்துக் கிடந்தன. அன்றைக்கு அவிழ்த்தது. ஷூ போனது சரி, அதற்குள் இருந்த கால் போகவில்லையே. இன்னும் பதினெட்டு நிமிடத்தில் மாலே வந்துவிடும். இடது பக்கம் கேப்டன் நிஹாத் கொட்டைப்பாக்குச் சீவலைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எதையும் கவனிக்காதவர்போல எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். பின்னால் பயணிகள் யாருமில்லை. ஒரு தீவிலிருந்து ஏற்றிய அழுக்குத்துணி மூட்டைகள், காலிப் பெட்டிகள், அவற்றின்மேல் சாய்ந்து கண்ணை மூடியிருக்கும் ஆதம். அவ்வளவுதான் சாட்சி. இது மூன்றாவது தேர்வு. நான்காவது என்று ஒன்று இந்தக் கம்பெனியில் கிடையாது. இன்று கடலில் மிதக்கும் இறங்குமேடையில் விமானத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவள் விமானி. இல்லையென்றால் சாயங்கால விமானத்தில் பயணி.

பறப்பதில் ஒரு தகராறும் இல்லை. இறங்குவதிலும் இல்லை. அலையின் முதுகைப் பார்த்துக் காற்றின் திசையைச் சொல்ல அவள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள், கேப்டனே ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார். தகராறெல்லாம் இறங்கிய பிறகுதான். தண்ணீரில் இறங்கிய விமானத்துக்கு பிரேக் கிடையாது. தரையில் ஓடும் விமானத்தில் கால்மிதியின் மேல் விளிம்பை விரல்களால் அழுத்தினால் சக்கரம் பிடிக்கும். இங்கே சக்கரமே இல்லை, எதைப் பிடிக்க. மிதி இருக்கிறது, விளிம்பு இருக்கிறது, அழுத்தினால் விரல் வலிக்கும், வேறொன்றும் நடக்காது. மிதவை மேடையை நெருங்கும்போது எவ்வளவு தூரத்தில் எஞ்சினை அடக்க வேண்டும், எவ்வளவு காற்றை முகத்தில் வாங்க வேண்டும், எஞ்சின் காற்றாடியை எந்தக் கணத்தில் பின்னோக்கித் தள்ளவிட வேண்டும் என்று எல்லாமே கையில் இருக்கிறது. கால் சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத் தெரியாத கால். முதல் தேர்வில் மேடை நெருங்கியதும் வலது காலின் ஐந்து விரலும் எழும்பி விளிம்பில் அழுந்தின, கை மறந்தது, விமானம் தன் பாட்டுக்குப் போய் மேடையில் இடித்தது. ஒரு பெட்டி தர்ப்பூசணி கடலில் விழுந்து மிதந்து போனது. ஆதம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது தேர்வில் இடிக்கவில்லை, பூப்போலப் போய் நின்றது. அவளும் சிரித்த முகமாகத் திரும்பினாள். கேப்டன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அது என்ன சத்தம்?" என்றார். அவர் பேசுவது ஆங்கிலம், ஆனாலும் அவளுக்கு எல்லாம் தமிழில்தான் உள்ளே போய் விழுந்தது. எஞ்சின்களை அணைத்துவிட்டுக் கடைசி இருபது அடி சும்மா மிதந்து வரும்போது, அந்த அமைதியில், டிக் என்று ஒரு சத்தம் கேட்டதாம். அவள் குனிந்து பார்த்தாள். மெட்டி. குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தால் மிதியைத் தள்ளினால் மெட்டி எதிலும் படாது. விரலை மேலே ஏற்றி அழுத்தினால்தான் உலோக விளிம்பில் இடிக்கும். வெள்ளி மெட்டி கூசாமல் காட்டிக் கொடுத்துவிட்டது. "அழுத்தினால்தான் என்ன கேப்டன், அங்கே ஒன்றுமே இல்லையே" என்று அவள் வாதாடினாள். அவர் பாக்கை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "ஒன்றுமே இல்லாததை உன் கால் அழுத்துகிறது. உன் மனது, நிறுத்தியாயிற்று என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையில் உன் கை தாமதிக்கிறது. இன்றைக்குக் காற்று உன்னைக் காப்பாற்றியது. பதினைந்து பயணிகளை வைத்துக்கொண்டு நான் காற்றை நம்ப முடியாது" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

நிறுத்தியாயிற்று என்று நம்புகிறது. உண்மைதான். அதற்காக அவள் அழவில்லை, ஆனால் அந்த வாக்கியம் மூன்று நாளாகப் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கே பழகினாய் என்று காலிடம் கேட்டால் அதுவே சொல்லிவிடும். விமானி லைசென்ஸ் கையில் வாங்கிய பிறகு சொந்த நாட்டில் ஏழு கம்பெனி அவளைத் திருப்பி அனுப்பியது. கடிதம் கடிதமாகக் காத்திருந்த அந்த நான்கு வருடமும் அவள் கணவன் சங்கரபாண்டியின் டிரைவிங் ஸ்கூலில், பெண்களுக்குக் கார் சொல்லிக் கொடுத்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும், சொல்லிக் கொடுக்கிறவர் காலுக்கு. நான்கு வருடம் கோவில்பட்டியின் கௌரவமே அவளுடைய வலது காலில்தான் இருந்தது. எட்டயபுரம் ரோட்டில் எதிரே லாரி வந்தால் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுச் சாமி கும்பிடுகிறவர்கள், பிரேக் என்றால் கிளட்சை மிதிக்கிறவர்கள், மாடு குறுக்கே வந்தால் மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், எல்லோரையும் அந்தக் கால் காப்பாற்றியது. காரைவிட்டு இறங்கிய பிறகும் அதற்கு வேலை நிற்கவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தால் அழுத்தும். சங்கரபாண்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் அழுத்தும். "ஏ வல்லி, நான்தான ஓட்டுதேன், நீ எதுக்கு என் விலாவுல முழங்காலக் குத்துத" என்று அவன் சிரிப்பான். சிரிப்பானே தவிர, அந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட, போதும் விட்டுவிடு என்று சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். ஏழாவது கம்பெனியில் குளிரூட்டிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, லைசென்ஸ் வாங்கிய பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் என்றாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். சிரிப்பை மறைக்கக் குடிக்கிற தண்ணீர் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா. இங்கே மாலேயில் நேர்முகத்தில் அதே கேள்வியைக் கேட்டவர் கேப்டன் நிஹாத். அதே பதிலைத்தான் சொன்னாள். அவர் தண்ணீர் குடிக்கவில்லை. "நான்கு வருடத்தில் எத்தனை விபத்து?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஆடு. அதுவும் பிழைத்துக்கொண்டது" என்றாள். அவர் அதை ஒரு எழுத்து விடாமல் படிவத்தில் எழுதிக்கொண்டார். அந்த ஆட்டுக்கு அவள் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

வானொலியில் யாரோ காற்று மாறிவிட்டது என்றார்கள். தென்மேற்கு, பன்னிரண்டு நாட் வேகம். கேப்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் பதில் சொன்னாள், குரல் நடுங்கவில்லை, இறங்கும் வரிசையில் தனக்கு இரண்டாவது இடம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். குரலும் தங்கம். கால்? கால் கீழே குதிகாலை ஊன்றிப் பரம சாதுவாக இருந்தது. இரண்டாவது விரலில் மெட்டி வெயிலில் மின்னியது. காலையில் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சோப்பு நுரையைத் தடவி அதைப் பாதிவரை இழுத்துவிட்டாள். கழற்றிவிட்டால் தீர்ந்தது. சத்தம் கேட்காது. கேப்டனுக்குத் தெரியவேபோவதில்லை. அப்போதுதான் சங்கரபாண்டியின் போன். பின்னால் யாரோ முதல் கியரை அரைத்துக்கொண்டிருந்தார்கள், காலை ஏழு மணி வகுப்பு. "கழட்டிட்டுப் போயேன். எங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சாமி குத்தம் அது இதுன்னு வந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றான். "உங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு நான் கீழ விழாம இருந்தாச் சரி. கழட்டிட்டா காலு அழுத்துறது எனக்குத்தாங்க தெரியாமப் போயிரும்" என்றாள். அவன் பக்கத்திலிருந்தவரிடம் கிளட்சை மிதிக்கச் சொன்னான். பிறகு, "அப்ப போட்டுக்கோ" என்றான். அவ்வளவுதான், அதற்குள் கார் எங்கேயோ ஏறிவிட்டது, போனை வைத்துவிட்டான். அவள் மெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளித் துடைத்துக்கொண்டாள். அப்போது அது வீரமாக இருந்தது. இப்போது ஆயிரம் அடியில், மாலேயின் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெரியத் தொடங்கியபோது, வெறும் முட்டாள்தனமாக இருந்தது. மாட்டிக்கொள்வதற்கு மணி கட்டிக்கொண்டு போன கதை. பயமாகத்தான் இருந்தது. பரீட்சைத்தாள் திருப்புகிற நேரத்துப் பயம். சாயங்கால விமானம் நான்கு மணிக்கு, பெட்டியில் துணி மடிக்கப் பத்து நிமிடம் போதும், அலமாரியில் ஷூ இருக்கும், பூசணத்தைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் யார் கேட்டது. வாயை மூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறங்கினாள். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக இறங்கினாள். மிதவைகள் தண்ணீரைத் தொட்டு, உரசி, சரசரவென்று இருபக்கமும் நுரையைத் தள்ளி, வேகம் குறைந்து விமானம் படகானது. இனிமேல்தான் கதை. முந்நூறு அடி தூரத்தில் மேடை. பலகையும் பீப்பாயுமாக மிதக்கும் சின்ன மேடை, அதற்கு வலப்பக்கம் கட்டிப்போட்ட இன்னொரு விமானம், இடப்பக்கம் எரிபொருள் படகு. நடுவில் போய் ஒட்ட வேண்டும். ஆதம் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கயிற்றோடு மிதவையில் இறங்கி நின்றார். இருநூறு அடி. காற்று சொன்னபடி முகத்தில் இல்லை, கட்டடங்களில் மோதித் திரும்பி முதுகிலிருந்து தள்ளியது. தள்ளட்டும். எஞ்சினைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஒரு பயணிகள் படகு அப்போதுதானா குறுக்கே போக வேண்டும், அதன் அலை வந்து விமானத்தைத் தூக்கி மேடையை நோக்கி உந்தியது. நூறு அடி, அதற்கும் கீழே. மேடை பெரிதாகிக்கொண்டே வந்தது. வலது குதிகால் தரையை விட்டு எழும்பியது. அவள் அதைப் பார்க்கவில்லை, உணர்ந்தாள், விரல்கள் விளிம்பைத் தேடிப் போயின, மெட்டிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி, அழுத்து அழுத்து என்று நான்கு வருடத்துக் கோவில்பட்டி மொத்தமும் காலுக்குள் கத்தியது. அந்த நேரத்தில் போயா பாக்கியத்தாய் நினைவுக்கு வர வேண்டும். அங்கன்வாடி பாக்கியத்தாய், ஐம்பத்திரண்டு வயதில் கார் கற்றுக்கொள்ள வந்தவள், லைசென்ஸ் தேர்வுக்கு முந்தைய நாள் ரயில்வே கேட்டுக்கு முன்னால் காரை ஓரம்கட்டிவிட்டு, "மேடம், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டிகளே. நீங்க காலத் தூக்கி சீட்டுல சம்மணம் போட்டு உக்காருங்க. உங்க காலு அங்க இருக்குன்னு தெரிஞ்சா என் காலு சோம்பேறியாயிருது" என்றாள். உட்கார்ந்தாள். எட்டயபுரம் ரோட்டில், செண்பகவல்லி கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே பஸ் வந்தது, முன்னால் மாட்டுவண்டி நின்றது. பாக்கியத்தாயின் கால் தன் வேலையைப் பார்த்தது. மாட்டுவண்டிக்கு நாலடி பின்னால் கார் சும்மா நின்றது. "பாத்திகளா" என்றாள் பாக்கியத்தாய். அவள் முகத்தில் அப்போது இருந்த கர்வத்தைச் செண்பகவல்லி வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்கு அது பாக்கியத்தாயின் வெற்றி என்றுதான் நினைத்தாள். தன் கால் இல்லாமலும் உலகம் நிற்கிறது என்ற செய்தி மூன்று வருடம் கழித்து, இந்து மகா சமுத்திரத்தின் நடுவில், இப்போதுதான் வந்து சேர்கிறது. காலே, சம்மணம் போட்டு உட்கார். குதிகால் தரைக்கு வந்தது.

கால் இல்லாத இடத்தில் கை வந்து நின்றது. அவளே ஆச்சரியப்பட்டாள், கைக்கு இவ்வளவு நேரம் இருந்ததா. தலைக்கு மேலே இருந்த நெம்புகோல்களைப் பின்னால் இழுத்தாள், காற்றாடிகள் பின்னோக்கித் தள்ளின, ஒன்று, இரண்டு, போதும், விட்டாள். மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் போனது, வலப்பக்க எஞ்சினைக் கூடுதலாக அடக்கினாள், திரும்பி வந்தது. அலையின் முதுகு விமானத்துக்கு அடியில் கடந்து போகட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்தாள், அதுதான் பெரிய விஷயம், அவளுடைய வாழ்க்கையில் பதறாமல் காத்திருந்த முதல் இரண்டு விநாடி அது. நாற்பது அடியில் ஒரு எஞ்சினை அணைத்தாள். இருபதில் மற்றதை. காற்றாடிகள் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றன. அமைதி. தண்ணீர் மிதவையில் தட்டுகிற சத்தம், எரிபொருள் படகில் யாரோ ரேடியோவில் கேட்கும் பாட்டு, ஆதம் கயிற்றை உதறுகிற சத்தம். கேப்டன் நிஹாத் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் கேட்டாள். பதினைந்து அடி. எட்டு. மேடையில் அடித்த ஆணிகளின் தலை தெரிந்தது. கால் இரண்டும் கீழே, அவளுடையவைதான், உறங்குகிற பிள்ளைகள் மாதிரி. ஆதம் ஒரு காலை மேடைக்கு எட்டி வைத்தார், குதிக்கவேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. கயிறு மேடையில் நட்ட குற்றியில் விழுந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. மிதவை மேடையைத் தொட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆதம் நிமிர்ந்து கட்டைவிரலைக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கேப்டன் ஆதமின் கயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு சந்தேகமாகத் திரும்பினார். "கழற்றிவிட்டாயா?" என்றார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வந்தது கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. யோசிக்காமல் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். பெரிய மனிதர் முகத்துக்கு நேரே கால். கோவில்பட்டியில் இதைச் செய்தால் மாமியார் மூன்று நாள் பேசமாட்டாள். இரண்டாவது விரலில் மெட்டி இருந்தது, இறுக்கமாக, நுரை காய்ந்த வெள்ளைக் கோட்டோடு. சட்டென்று காலை இறக்கிக்கொண்டு, கையால் அவர் இருக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்து மடியிலிருந்த அட்டையில் தேதியைப் போட்டார். பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். அவர் அவசரப்படவில்லை, பேனா சரியாக எழுதாத இடத்தில் திரும்பப் போய் எழுதினார். "நாளைக்குக் காலை ஆறரை மணி. பதினைந்து பயணிகள். சீக்கிரம் வந்து காலை உணவு சாப்பிட்டுவிடு, கேப்டன் பட்டினியோடு பறப்பதை நான் விரும்புவதில்லை" என்றார். அவள் துணை விமானி, கேப்டன் இல்லை, அவருக்குத் தெரியாதா அது. தெரிந்துதான் சொன்னார். ஏழு கம்பெனியும், தண்ணீர் குடித்த மூன்று பேரும், கடலில் மிதந்துபோன தர்ப்பூசணிகளும் எங்கேயோ தூரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள், சந்தோஷத்தில் வருவதைத் தடுத்து என்ன செய்ய. போன் பையில் இருக்கிறது. கோவில்பட்டியில் இந்நேரம் மூன்றாவது வகுப்பு நடந்துகொண்டிருக்கும், அவன் எடுக்கமாட்டான், எடுக்கும்வரை அடிக்கலாம். கேப்டன் எழுந்து குனிந்து பின்பக்கம் போனார். ஆதம் துணி மூட்டைகளை இறக்கத் தொடங்கினார். விமானம் இரண்டு கயிற்றில் கட்டுண்டு, எஞ்சின் அணைந்து, எங்கும் போகாமல் நின்றது. செண்பகவல்லி இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வலது குதிகாலைத் தூக்கி, ஐந்து விரலையும் விளிம்பில் வைத்து, நான்கு வருடத்து ஆசையும் தீர, இல்லாத பிரேக்கை ஓங்கி அழுத்தினாள். டிக். கதவுப் பக்கத்திலிருந்து கேப்டன் நிஹாத் சிரிப்பது கேட்டது. அவள் இன்னொரு தடவை அழுத்தினாள்.